லண்டன் – பாரிஸ்: 348 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 348 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் 26 நிமிடம் வரும். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். இவ்வளவு குறுகிய தூரத்தில் விமானம் மேலேறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். வானில் இருப்பது முக்கால் மணி நேரம் என்றாலும் அட்டவணையில் 1 மணி 15 முதல் 25 நிமிடம் வரை போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். திரும்பி வரும்போது ஹீத்ரோவில் நெரிசல் என்றால் லண்டனுக்குத் தென்கிழக்கே பிகின் ஹில் பக்கம் வட்டமடிக்க விடுவார்கள்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட 1 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் போகும்போது 10:00 – 12:20, வரும்போது 10:00 – 10:20 என்று இருக்கும். இரண்டும் 1 மணி 20 நிமிடப் பயணம்தான். இதைக் கவனிக்காமல் பாரிசில் அடுத்த ரயிலுக்கு முன்பதிவு செய்தால் அது கையைவிட்டுப் போகும்.

உண்மையில் நேரத்தைத் தின்பது தரைதான். நடு லண்டனிலிருந்து பிக்கடில்லி சுரங்க ரயில் பாதையில் ஹீத்ரோவுக்கு 50 நிமிடத்துக்கு மேல். 2 மணி நேரம் முன்கூட்டியே போக வேண்டும். இறங்கியபின் கடவுச்சீட்டுக்கும் பெட்டிக்கும் 40 நிமிடமாவது ஆகும். அங்கிருந்து பாரிஸ் நகருக்குள் இருக்கும் கார் து நோர் நிலையத்துக்கு ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல். கூட்டினால் ஐந்தரை மணி நேரம். போவே விமான நிலையத்துக்குச் சீட்டு எடுத்தால் இன்னும் மோசம். பாரிசிலிருந்து அது 80 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தே 1 மணி 15 நிமிடம் எடுக்கும்.

யூரோஸ்டார் ரயில் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து கார் து நோருக்கு ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடும், பாரிசில் இறங்கி நேரே வெளியே நடக்கலாம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போனாலும் வீட்டிலிருந்து நிலையத்துக்கு அரை மணி நேரம் சேர்த்து மொத்தம் 4 மணி 20 நிமிடம்தான். புறப்பட 30 நிமிடம் இருக்கும்போது வாயிலை மூடிவிடுவார்கள், அதில் இரக்கமே கிடையாது.

நம்மவர் அதிகம் வாழும் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் மூன்றிலிருந்தும் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ராசுக்கு வண்டி மாறாமல் வரலாம். ஈஸ்ட்ஹாமில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி வண்டியா, டூட்டிங்கில் பாங்க் நிலையம் வழியாகப் போகும் நார்தர்ன் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். கார் து நோரிலிருந்து லா ஷப்பல் தமிழ்க் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம்.

விமானம் லாபமாவது ஹீத்ரோவை ஒட்டிய ஹவுன்ஸ்லோ பக்கம் குடியிருந்து பாரிஸ் புறநகரான லா கூர்னேவ் போகிறவர்களுக்கு. ஆர்.இ.ஆர். பி அந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் சில வண்டிகள் இடையில் எங்கும் நிற்காமல் கார் து நோர் போய்விடும். நடைமேடைப் பலகையில் லா கூர்னேவ் பெயர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மட்டன் ரோல், தயிர் போன்ற இறைச்சி, பால் பொருட்களை எந்த வழியில் போனாலும் பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குள் கொண்டுபோக முடியாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு பிரிட்டன் வதிவிட அனுமதி மட்டும் போதாது, ஷெங்கன் விசா வேண்டும். இல்லாவிட்டால் செயின்ட் பாங்க்ராசிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.