கிளியரன்ஸ் எடுத்துக் கொழும்புக்குப் போன கதை

இப்போது இரவு பஸ்ஸில் ஏறி, ஏசிக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு நித்திரையாகி, விடிய வெள்ளவத்தையில் இறங்குகிற பிள்ளைகள் "அப்ப எப்பிடிப் போனனீங்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்டதற்காக எழுதுகிறேன். இது 2007இல், யாழ்ப்பாணத்தில் இருந்து போனபோது நடந்தது.

2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியதோடு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டுப்பட்டது. குடாநாட்டை விட்டு வெளியே போகப் பலாலியில் விமானமும், காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலைக்குக் கப்பலும்தான் மிஞ்சின. எதில் போவதென்றாலும் முதலில் இராணுவத்திடம் கிளியரன்ஸ், அதாவது பயண அனுமதி, எடுக்க வேண்டும். சொந்த நாட்டின் தலைநகருக்குப் போவதற்கு! அதைக் கேட்டு அப்பா சிரித்தார். தொண்ணூறுகளில் இயக்கத்திடம், அதாவது புலிகளிடம், பாஸ் எடுத்து, பிணைக்கு ஆளை நிறுத்திவிட்டுக் கிளாலிக் கடலால் போய்வந்தவர் அவர். "கேக்கிற ஆக்கள்தான் மாறியிருக்கினம், பிள்ளை" என்றார்.

அந்த அப்பாவுக்குத்தான் நெஞ்சு நோ வந்தது. கொழும்பில் செய்ய வேண்டிய பரிசோதனை, பிந்தக்கூடாது என்று டொக்டர் கடிதம் எழுதித் தந்தார். தம்பி கூடப் போவதுதான் முறை. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்குக் கிளியரன்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவனை எந்த அலுவலக வாசலுக்கும் அனுப்பிப் பெயர் பதிய வைக்கவே அம்மா பயந்தா. வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திப்போகிற கதைகள் தினமும் வந்துகொண்டிருந்த காலம். பொழுதுபட முதல் அவன் படலைக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அம்மாவுடைய சட்டம். ஆகவே நான் போவதாக முடிவாயிற்று.

முதல் படி விதானையார், அதாவது கிராம சேவகர். நாங்கள் இன்ன விலாசத்தில், இன்ன குடும்ப அட்டையில் இருக்கிறோம் என்று அவர் கடிதம் தர வேண்டும். பாவம், அவரும் எல்லாரையும்போல பயந்த மனுசன்தான். எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் நாளைக்குத் தன்னிடம் திரும்பி வரும் என்ற மாதிரி யோசித்து யோசித்து எழுதினார். பிறகு அடையாள அட்டைப் பிரதிகள், படங்கள், டொக்டரின் கடிதம், படிவம். போட்டோக்கொப்பி அடிப்பது இன்றைக்கு ஒரு வேலையே இல்லை. அன்றைக்குக் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, மெஷின் வேலை செய்கிற கடை தேடி அலைய வேண்டும். படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பினேன். அப்பாவின் பெயரை அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே, எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும் என்று வரிசையில் நின்ற ஒரு அக்கா சொல்லித் தந்தா. ஒரு எழுத்து மாறினாலும் திருப்பிவிடுவார்களாம்.

முகாமின் சிவில் அலுவலக வாசலில் ஊரடங்கு எடுத்த கையோடு கியூ தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற ஆட்கள் மதில் நிழலுக்கு ஒதுங்குவார்கள். ஆனால் முன்னுக்கு யார், பின்னுக்கு யார் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சங்கக்கடையில் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்று பழகிய சனம் அல்லவா! கப்பல் வந்தால் மா, சீனி வரும், வராவிட்டால் இல்லை. அதே நேரம் தோட்டக்காரரின் வெங்காயமும் வாழைக்குலையும் தெற்கே போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே மலிந்து கிடந்தன. வெளியில் இருந்து வருவது யானை விலை, உள்ளுக்கு விளைவது அடிமாட்டு விலை. பாதை பூட்டுவதென்றால் இதுதான் என்று அந்த வரிசையில் நின்றே விளங்கிக்கொள்ளலாம்.

படிவத்தைக் கொடுத்துவிட்டால் பிறகு காத்திருப்புத்தான். பெயர் வந்துவிட்டதா என்று பட்டியல் பார்க்கப் போக வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும். கைத்தொலைபேசி இணைப்பை அடிக்கடி நிறுத்திவிடுவார்கள், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த திகதி ஒரு பக்கம், பட்டியல் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாது. முதல் எடுத்த திகதி அப்படியே போய்விட்டது. கொழும்பில் இருந்த சித்தி அலைந்து வேறு திகதி எடுத்தா.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சோதனை, வரிசை, கேள்வி எல்லாம் எங்களுக்குப் பழகிப்போனவை. பழகவே முடியாதது, அவசரம் என்ற ஒன்றை எங்கள் வாழ்க்கையில் இருந்து எடுத்துவிட்டதுதான். பின்வளவு மாமியின் அண்ணர் கொழும்பில் மோசம் போய்விட்டார். மாமி தந்தியோடு ஓடினா, அழுதா, கெஞ்சினா. அவர்கள் கோபமாகக்கூடப் பேசவில்லை, படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். மாமிக்குக் கிளியரன்ஸ் வந்தபோது முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியே முடிந்துவிட்டது. இராணுவம் யாரையும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை, போகலாம் என்று சொல்வதற்கு நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு யாருக்குக் கோபத்தைக் காட்டுவது?

ஒருவழியாகப் பட்டியலில் எங்கள் இரண்டு பேரின் பெயரும் வந்தது. விமானமா, கப்பலா? விமானம் என்றால் காசு கூட, நேரம் குறைவு. நெஞ்சு வருத்தக்காரருக்கு அதுதான் சரி. ஆனால் அப்பா மாட்டேன் என்றுவிட்டார். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே விழுத்தப்பட்டு 55 பேரும் போனதை அவர் மறக்கவில்லை. கடல் மட்டும் என்ன பாதுகாப்பா? 2006 மே மாதம்தான் துருப்புகளை ஏற்றிவந்த பேர்ள் குறூஸ் கப்பலைக் கடற்புலிகள் தாக்க வந்தார்கள். அதைச் சொன்னேன். "கடலெண்டால் நீந்தலாம்" என்றார். அவருக்கு நீந்தத் தெரியாது.

பயணத்தன்று நகரத்தில் ஓரிடத்தில் கூட்டி, பொதிகளைக் கொட்டிக் கிண்டிப் பார்த்து, பஸ்களில் ஏற்றி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளால் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் பிறந்த வீடு அந்த வலயத்துக்குள்தான் எங்கேயோ பற்றைக்குள் இருந்தது. அப்பா ஒரு பக்கமாகக் கையைக் காட்டினார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கப்பலில் சத்தியும் டீசல் மணமும். சொல்ல வேறொன்றும் இல்லை. திருகோணமலையில் இறங்கி மறுபடி சோதனை, பதிவு, பஸ்.

கொழும்புக்கு வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. அங்கே பொலிஸ் பதிவு. சித்தி வீட்டில் யார், எங்கிருந்து, ஏன், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்து, அந்தத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். செக்பொயின்டில் "யாப்பனய" (சிங்களத்தில் யாழ்ப்பாணம்) என்ற சொல்லைக் கேட்டதும் பொலிஸ்காரரின் முகம் மாறும்.

எங்களோடு கப்பலில் வந்த ஒரு கணவன் மனைவி, விசா அலுவலாக வந்தவர்கள், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் நின்றார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் பொலிஸ் லொட்ஜ்களுக்குள் புகுந்து, "கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லை" என்று 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றியது. பெரும்பாலானவர்களை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இருவரும் அதற்குள். கிளியரன்ஸ் எடுத்து, பதிந்து, எல்லாம் சரியாகச் செய்தவர்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவும் பிறகு வருத்தம் தெரிவித்தார். அன்று காலை சித்தி வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம், எங்களுக்குக் கொழும்பில் ஒரு சித்தி இருந்தா என்பதுதான்.

அப்பாவுக்குப் பரிசோதனை நடந்தது, அடைப்பு இருந்தது, அதற்கும் வைத்தியம் செய்தார்கள். அதை நீட்ட வேண்டியதில்லை. திரும்பி வருவதற்கும் பதிவு, திருகோணமலையில் கப்பலுக்குக் காத்திருப்பு. அப்பாவின் மருந்து மாதக்கணக்குக்கு வாங்கினோம், ஊரில் எப்போது இருக்கும் எப்போது இராது என்று தெரியாதே. சோதனையில் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து காட்டி, டொக்டரின் துண்டையும் காட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ஒழுங்கையில் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டது, கொழும்பில் யார் வீட்டில் நிற்கப் போகிறீர்கள் என்றுதான். லொட்ஜ் என்றால், தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று இன்னொரு தரம் யோசிக்கச் சொல்வேன். அப்புறம்தான் பேனையை எடுப்பேன். அண்ணரின் அந்தியேட்டி தவறிய மாமியும் வந்தா. இந்த முறை மகளின் பிரசவத்துக்கு. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, ஏன் இப்பவே என்று கேட்டேன். "இப்ப எழுதினால்தான் பிள்ளை, அப்ப போகலாம்" என்றா.