வாடகை வீட்டுக்காரரும் வாக்காளர் பட்டியலும்

2024 மக்களவைத் தேர்தலில் பெங்களூரு மத்தி, தெற்குத் தொகுதிகளில் பதிவானது 53–54 சதவீத வாக்குகள்தான். உடனே "நகரத்துக்காரர்களுக்கு அக்கறையில்லை" என்று திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பெங்களூருவின் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் நம் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஓராண்டைத் தாண்டினால் அதைப் பதிவு செய்தாக வேண்டும், செலவு. ஆனால் வாக்காளர் படிவத்தின் முகவரிச் சான்றுப் பட்டியலில் வாடகைப் பத்திரம் என்றால் பதிவு செய்ததைத்தான் கேட்கிறார்கள்! மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில். ஆதாரில் இன்னும் வேலூர் முகவரி. சட்டம் இவர்களைத் தடுக்கவில்லை, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பதியலாம் என்றுதான் சொல்கிறது. காகிதம்தான் தடுக்கிறது.

வீடு மாறினால் படிவம் 8. முதல்முறை என்றால் படிவம் 6. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியலைப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்காளர் அட்டை கையில் இருந்தும் பயனில்லை. ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதும் கூடாது.

வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. எதிர்ப்பில் நின்றுபோனது. அதை மறுபடி பேச வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

நண்பர்களே, இப்போதே பெயரைத் தேடிப் பாருங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் உள்பெட்டிக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.