பிள்ளைகள் ஆடும் மைதானத்தில் பெரியவர்கள்

சிறுவர் கால்பந்துக் கழகங்கள் பலவும் பருவத் தொடக்கத்தில் பெற்றோரிடம் ஒரு நடத்தை விதித்தாளைக் கொடுத்துக் கையொப்பம் வாங்குகின்றன. மரியாதை, கட்டுப்பாடு, விளையாட்டுப் பண்பு ஆகிய சொற்கள் அதில் தவறாமல் இடம்பெறும். அந்தத் தாளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. மரியாதையோடு நடக்க வேண்டும் என்றால் பத்து வயதுப் பிள்ளை தலையாட்டும். ஆனால் பின்னாலிருந்து ஒருவன் தன் காலை இடறிவிட்டு, நடுவரும் விசில் ஊதாமல் போகும் நொடியில் தான் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் சொல்லிலிருந்து அதற்குத் தெரியாது. எழுந்து ஓடு, பந்து எங்கே இருக்கிறது என்று பார், நடுவரை நோக்கிக் கையை விரிக்காதே, இடறியவனைத் தேடிப் போகாதே என்று செயலாகச் சொன்னால்தான் பிள்ளைக்குப் புரிகிறது. பல ஆண்டுகளாகச் சிறுவர் அணிகளோடு மைதானத்தில் நின்று வருகிறவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து, நல்ல நடத்தையையும் பந்தை நிறுத்துவதையும் கடத்துவதையும் போலவே பயிற்சி நேரத்தில் சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டும் என்பதும், அந்தப் பயிற்சி பிள்ளைகளுக்கு முன்பாகக் கோட்டோரம் நிற்கும் நமக்குத்தான் தேவைப்படுகிறது என்பதும் ஆகும்.

நடுவரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலான சச்சரவுகள் அங்கேதான் தொடங்குகின்றன. சிறுவர் ஆட்டங்களை நடத்துகிறவர்களில் பலர் தாங்களே பதின்ம வயதினர். நடுவர் பயிற்சியை முடித்துவிட்டு முதல் ஆட்டங்களைப் பழகிக்கொண்டிருப்பவர்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர் பதினைந்து வயதுப் பெண்ணைப் பார்த்து "கண் தெரியவில்லையா" என்று கத்துவதை மைதானத்துக்கு வெளியே எந்த இடத்திலும் நாம் பொறுத்துக்கொள்ள மாட்டோம். மைதானத்தில் மட்டும் அதை ஆட்டத்தின் சூடு என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆர்வத்தோடு நடுவராக வந்த இளைஞர்கள் பலர் சில பருவங்களிலேயே விலகிப்போவதற்கு இந்தக் கத்தல் ஒரு பெரிய காரணம்.

கத்துகிறவர்களில் பலருக்கு விதிகள் சரியாகத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பந்து கையில் பட்டதும் "ஹேண்ட்பால்" என்று கோட்டோரம் முழுவதும் கூவுகிறது. பந்து கையில் படுவதெல்லாம் குற்றமன்று என்று கால்பந்து ஆட்ட விதிகளில் பன்னிரண்டாம் விதி தெளிவாகவே கூறுகிறது. வேண்டுமென்றே கையைப் பந்தை நோக்கி நீட்டினானா, கையை இயல்புக்கு மாறாக விரித்து உடலைப் பெரிதாக்கிக்கொண்டானா, தன் கையில் பட்ட பந்தை நேரே கோலாக்கினானா என்பவற்றையே நடுவர் பார்க்கிறார். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக் ஆகிய மூன்றிலிருந்தும் பந்தை நேரடியாகப் பெறுகிறவருக்கு ஆஃப்சைடு, அதாவது எதிரணியினரைத் தாண்டிக் கோலருகே நின்று பந்தைப் பெறும் குற்றம், கிடையாது. இருந்தும் ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத்திலும் அதற்காகக் கோட்டு நடுவர் கொடி தூக்க வேண்டும் என்று யாராவது கேட்கிறார்கள். ஃபவுல் செய்யப்பட்ட அணிக்குத் தொடர்ந்து ஆடுவதே சாதகம் என்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தாமல் விடுகிறார். அதையும் அவர் கவனிக்கவில்லை என்றே வெளியில் நிற்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பருவம் தொடங்குமுன் பெற்றோரை உட்கார வைத்து இந்த மூன்றை மட்டும் அரை மணி நேரம் விளக்கினால், கையொப்பத் தாள்கள் எத்தனை வாங்கினாலும் குறையாத கூச்சல் ஓரளவு குறைகிறது.

அதற்குப் பிறகும் நடுவர் தவறுவார். தவறினாலும் அவருடைய முடிவு எப்போதும் மதிக்கப்பட வேண்டும் என்பது ஐந்தாம் விதி. இதற்கு விதிகளில் வலுவும் கூடிக்கொண்டே வருகிறது. மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970-இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அறிமுகமானபோது அவை ஆட்டக்காரர்களுக்கானவை. 2019 முதல் பயிற்சியாளருக்கும் அணி அலுவலர்களுக்கும் அவற்றைக் காட்டலாம். அணியினர் அமரும் பகுதியிலிருந்து யார் தவறாகப் பேசினார் என்று கண்டறிய முடியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளரே அந்த அட்டையை ஏற்க வேண்டும். இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். தன் பக்கத்தில் நடப்பதற்குத் தானே பொறுப்பு என்று பயிற்சியாளர் உணர்ந்துவிட்டால் பிள்ளைகளின் நடத்தையில் அது உடனே தெரிகிறது. 2017 முதல் இளையோர் ஆட்டங்களிலும் அடித்தள நிலை ஆட்டங்களிலும் தற்காலிக வெளியேற்றத்துக்கும் விதிகள் இடம் தருகின்றன. தொண்ணூறு நிமிட ஆட்டமென்றால், எதிர்த்துப் பேசியவர் பத்து நிமிடம் வெளியே நிற்க வேண்டியிருக்கும். கோபம் ஆறுவதற்கும், தன்னால் அணி ஓர் ஆள் குறைந்து ஆடுவதைக் கண்ணால் பார்ப்பதற்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்த நேரம் போதும்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் நடந்ததைச் சொல்வேன். தன் மகன் ஆடிய ஆட்டத்துக்குத் தன்னார்வமாகக் கோட்டு நடுவராக நின்ற தந்தை ஒருவர், ஆட்டம் முடிந்ததும் எதிரணியினரால் தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அடுத்த வார இறுதியில் நடக்கவிருந்த அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தையும் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் நிறுத்தியது. 2013-இல் தண்டிக்கப்பட்டவர்களில் பதின்ம வயது ஆட்டக்காரர்களோடு, அவர்களில் ஒருவரின் தந்தையும் இருந்தார். எல்லாக் கூச்சலும் அங்கே போய் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோட்டு நடுவரை எதிரியாகப் பார்க்கும் பழக்கம் அந்தப் பிள்ளைகளிடம் அந்த ஒரே நாளில் முளைத்திருக்காது.

ஊக்கப்படுத்துவதாக நினைத்து நாம் செய்யும் இன்னொன்றும் உண்டு. பந்து பிள்ளையின் காலுக்கு வந்ததும் "அடி", "கொடு", "ஓடு" என்று மூன்று திசைகளிலிருந்து மூன்று கட்டளைகள் வருகின்றன. இது வசையன்று, அன்பினால்தான் வருகிறது. இருந்தாலும் எட்டு வயதுப் பிள்ளை பந்தையும் எதிரணியையும் தன் அணியையும் பார்த்து ஒரு முடிவெடுக்க வேண்டிய இடத்தில், தந்தையின் குரலைத் தேடித் திரும்பிப் பார்க்கிறது. கைதட்டலாம், பெயர் சொல்லி வாழ்த்தலாம், எதிரணி நன்றாக ஆடியதையும் பாராட்டலாம். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் வெளியிலிருந்து சொல்லக் கூடாது. பெற்றோர் முழு ஆட்டத்தையும் மௌனமாகப் பார்க்கும் நாட்களைச் சில லீக்குகள் நடத்துகின்றன. எல்லா வாரமும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆனால் அத்தகைய நாளில் பிள்ளைகள் தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வதைக் கேட்க முடிகிறது.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். விதியை மீறாமலேயே அநியாயமாக ஆட முடியும். பிள்ளைகளோடு பேச வேண்டிய முக்கியமான செய்தி அதுவே. 1999-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை ஆட்டமொன்றில், அடிபட்டுக் கிடந்த தன் அணி வீரருக்காக ஷெஃபீல்டு யுனைடெட் கோல்கீப்பர் பந்தை வெளியே அடித்தார். வழக்கப்படி எதிரணியான ஆர்சனலின் ரே பார்லர் பந்தை அவரிடமே திருப்பி எறிந்தார். அன்றுதான் ஆர்சனலுக்காக முதன்முதலாகக் களமிறங்கியிருந்த கானு இடையில் புகுந்து அதை எடுத்துக்கொடுக்க, ஓவர்மார்ஸ் கோலாக்கினார். விதிப்படி அந்தக் கோலில் எந்தக் குறையும் இல்லை. நடுவர் அதை மறுக்க வழியும் இல்லை. ஆட்டம் 2–1 என்று முடிந்ததும், ஆர்சனல் மேலாளர் ஆர்சன் வெங்கர் மீண்டும் ஆடத் தாமே முன்வந்தார். மறுஆட்டம் நடந்தது, அதையும் ஆர்சனல் 2–1 என்றே வென்றது.

2019 ஏப்ரலில் இன்னோர் இங்கிலாந்து அணியான லீட்ஸ் யுனைடெட்டின் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா இன்னும் விரைவாக முடிவெடுத்தார். ஆஸ்டன் வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போதே லீட்ஸ் கோல் அடித்துவிட்டது. மைதானத்தில் கைகலப்பு மூண்டது. எதிரணி தடையின்றி ஒரு கோல் அடித்துக்கொள்ளட்டும் என்று பியெல்சா தன் வீரர்களுக்கு ஆணையிட்டார். அவருடைய அணி வீரர் ஒருவரே அதற்கு உடன்படாமல் குறுக்கே போய்த் தடுக்கப் பார்த்தார். ஆட்டம் 1–1 என்று முடிந்தது. லீட்ஸுக்கு நேரடியாக மேல்நிலை லீக்குக்கு ஏறும் வாய்ப்பும் அன்றோடு போயிற்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த இரு நிகழ்ச்சிகளையும் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், அறிவுரைக்குக் கிடைக்காத கவனம் கிடைக்கிறது. தடுக்கப் பார்த்த வீரரின் பக்கம் நின்று வாதாடும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களை அடக்காமல் பேசவிட வேண்டும்.

கதையோடு நிறுத்தாமல் பயிற்சிக்குள்ளும் இதைக் கொண்டுவரலாம். வாரத்தில் ஒரு முறை நடுவர் இல்லாமல் ஆடவிட்டு, பந்து கடைசியில் யார் காலில் பட்டு வெளியே போனது, யார் ஃபவுல் செய்தார் என்பதைச் செய்தவரே சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டால், முதல் சில வாரங்கள் வாக்குவாதமாகவே போகும். பிறகு ஒரு பிள்ளை தானாகக் கையைத் தூக்கி "என்மேல்தான் பட்டது" என்கிறது. 2012-இல் இத்தாலிய லீக்கில் நாப்போலிக்கு எதிரான ஆட்டத்தில் லாட்சியோ அணி வீரர் மிரோஸ்லாவ் குளோசே, தன் கையில் பட்டுக் கோலானது என்று நடுவரிடம் தாமே சொல்லி, அந்தக் கோலை விட்டுக்கொடுத்தார். அந்த ஆட்டத்தில் லாட்சியோ தோற்றது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. நேர்மையாக இருந்தால் வெற்றி தானாக வரும் என்று சொல்லி வளர்த்தால், தோற்கும் முதல் நாளிலேயே அவர்கள் நம்மை நம்புவதை விட்டுவிடுவார்கள்.

கோல் வித்தியாசம் பெருகும்போது வெல்லும் அணி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் நடத்தையே. பத்துக்குச் சுழியம் என்று போய்க்கொண்டிருக்கும் ஆட்டத்தில் பதினொன்றாவது கோலுக்குத் துள்ளிக் குதிப்பதை நான் வெளிப்படையாகவே கண்டிக்கிறேன். வெல்லும் அணியை ஆடாமல் நிற்கச் சொல்வதும் சரியன்று. வேண்டுமென்றே பந்தை உருட்டி விளையாட்டுக் காட்டுவது எதிரணிக்கு இன்னும் பெரிய அவமானம். தடுப்பாட்டக்காரரை முன்னால் அனுப்பலாம், வலுவில்லாத காலால் மட்டும் அடிக்கச் சொல்லலாம், ஐந்து முறை பந்தைக் கைமாற்றிய பிறகே கோலுக்கு முயல வேண்டும் என்று வைக்கலாம். நான்கு கோல் பின்தங்கிய அணி கூடுதலாக ஒருவரை இறக்கிக்கொள்ள விடும் லீக்குகளும் உண்டு. நார்வேயில் 11 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியலே வைப்பதில்லை. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சின்னப் பிள்ளைகளின் ஆட்ட முடிவை ஊரெல்லாம் பரப்புவதையாவது பெற்றோர் நிறுத்தலாம்.

பயிற்சியாளரின் நடத்தையில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்று, யாரை எவ்வளவு நேரம் ஆட விடுகிறார் என்பது. சிறுவர் ஆட்டங்களில் வெளியே வந்தவர் மீண்டும் களமிறங்கும் மாற்றுமுறைக்கு விதிகளே இடம் தருகின்றன. அந்த வசதி இருந்தும், குளிரிலோ வெயிலிலோ பெஞ்சில் உட்கார வைத்து, கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும் ஒரு பிள்ளையை இறக்குகிறவர், அணி ஒற்றுமையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்தப் பிள்ளை நம்பாது. இதைப் பற்றிப் பெற்றோர் கேட்பதில் தவறில்லை. ஆட்டம் முடிந்த சூட்டில் மைதானத்திலேயே கேட்காமல், ஒரு நாள் பொறுத்துத் தனியாகப் பேசுவது என்ற வழக்கத்தைப் பல கழகங்கள் வைத்திருக்கின்றன. இரு தரப்புக்கும் அது நல்லது.

பிள்ளையின் அழுகையைக் கெட்ட நடத்தையாக எண்ண வேண்டாம். தோற்ற ஏமாற்றத்தில் அழலாம். அழுதுகொண்டே வந்து எதிரணியோடு கைகுலுக்கலாம். கையை நீட்டாமல் கடந்து போவது, நீட்டிய கையைத் தட்டிவிடுவது, தவறு செய்த சக ஆட்டக்காரனைப் பார்த்துக் கையை உதறுவது ஆகியவற்றைத்தான் நிறுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. கோலைத் தவறவிட்ட கோல்கீப்பரைச் சுற்றி நான்கு பேர் இடுப்பில் கையை வைத்து நிற்கும்போது யாரும் ஒரு வார்த்தையும் பேசாவிட்டாலும், அந்தக் கோல்கீப்பருக்கு வேண்டிய அளவு சொல்லியாகிவிடுகிறது. முதலில் அவனிடம் ஓடிப்போக வேண்டியவர் அணித்தலைவர் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பது எளிது.

எனக்கே இன்னும் முழு நிறைவான விடை கிடைக்காத இடம் ஒன்று உண்டு. எச்சரித்த பிறகும் ஒரு தந்தையோ தாயோ திருந்தவில்லை என்றால் என்ன செய்வது? பிள்ளையை அணியிலிருந்து நிறுத்தினால் பெற்றோர் அடங்குவார்கள் என்று சில கழகங்கள் அப்படியே செய்கின்றன. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கோட்டோரம் கூச்சலிட்ட தந்தையால் ஏற்கெனவே தலைகுனிந்து நின்ற பிள்ளைக்கு அது இரண்டாவது தண்டனையாகிறது. அந்தப் பெற்றோரை மட்டும் சில ஆட்டங்களுக்கு மைதானத்துக்கு வரக் கூடாது என்று எழுத்தில் தெரிவித்து, பிள்ளையை அழைத்து வரவும் திரும்ப வீட்டில் விடவும் வேறொரு குடும்பத்தை ஏற்பாடு செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. கழகத்துக்கு இது கூடுதல் வேலை. அழைத்து வரும் குடும்பத்துக்கும் சிரமம். அவர்களை இப்போதே, பருவம் தொடங்குமுன்பே, கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.