பேனிக் பட்டனும் பூட்டிய கேட்டும்

டர்பனில் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் எனக்கு இரவு ஷிப்ட். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல எங்கள் வாடிக்கையாளர்கள். தென்னாப்பிரிக்காவில் போலீஸ்காரர்களைவிடத் தனியார் காவலர்கள்தான் அதிகம். அதனால் போலீஸின் அவசர எண் 10111-க்கு முன்பே, ஆபத்தில் அமுக்கும் எங்கள் பேனிக் பட்டனைத் தேடுகிறார்கள். சிக்னல் வந்தால் நாங்கள் போன் செய்வோம். கடவுச்சொல் சரியாக வராவிட்டால் துப்பாக்கியோடு ஆள் போவார்.

வருவதில் பெரும்பாலானவை வெற்று அழைப்புகளே. சென்சார் மேல் பல்லி ஓடும். மாவு பிசையும்போது கழுத்தில் தொங்கும் பட்டன் அமுங்கும். 2023-இல் லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு படுத்திய பாட்டில், பேட்டரி இறங்கிய அலாரங்கள் தெருத்தெருவாக அலறின. இதெல்லாம் எரிச்சல், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. பட்டன் பாட்டியுடையது, போனை எடுப்பதோ ஓர் ஆண் குரல். "தெரியாம அமுங்கிருச்சு" என்கிறது, கடவுச்சொல்லையும் சரியாகச் சொல்கிறது. விதிப்படி அத்தோடு முடித்துவிடலாம். அப்படி ஓர் இரவு, பாட்டியிடம், அதாவது ஆயாவிடம், போனைக் கொடுக்கச் சொன்னேன். தூங்குகிறார் என்றார் பேரன். பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ கத்தியது.

எங்கள் ஆள் கேட்டுக்குப் போய் நின்றார். அவரிடம் துப்பாக்கி இருக்கிறது, போலீஸ் அதிகாரம் இல்லை. போலீஸைக் கூப்பிட்டோம். வந்த போலீஸ்காரர் போனில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் காதில் என்ன விழுந்தது?"

அவர் அப்படிக் கேட்டது சரிதான். அழைப்பு வந்துவிட்டதாலேயே போலீஸ் வீட்டுக்குள் புகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1996 அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு வீட்டின் அந்தரங்கத்தைக் காக்கிறது. 1977 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒரு குற்றம் பற்றி விசாரிக்க வாரன்ட் இல்லாமல் ஓரிடத்துக்குள் போகலாம் என்கிறது. குடியிருக்கும் வீடு என்றால் அங்கிருப்பவரின் சம்மதம் வேண்டும். சட்டப்படி நுழைய வேண்டிய நிலையிலும், கதவை உடைக்கும் முன் காதில் விழும்படி திறக்கச் சொல்லி, வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பது 27-ஆம் பிரிவின் பொது விதி. ஜோகன்னஸ்பர்க்கில் பல கட்டடங்களில் குடியிருந்தவர்கள் போலீஸ் ரெய்டுகளை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வாரன்ட் இல்லாமல் வீடுகளைச் சோதிக்க இடம் கொடுத்த போலீஸ் சட்டப் பகுதி செல்லாது என்று 2021-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய நிறவெறி ஆட்சியில் எந்த நேரமும் கதவு தட்டப்பட்ட நாடு இது. இந்தக் கறார் எனக்குப் புரிகிறது.

உள்ளே ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் கதை மாறும். 1998 குடும்ப வன்முறைச் சட்டமும் பாதிக்கப்பட்டவருக்கு உதவுவதைப் போலீஸின் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் அந்த நியாயமான காரணம் எங்கிருந்து வரும்? இருட்டில் கேட்டருகே நிற்கும் போலீஸ்காரருக்கு என் வாய்ச்சொல்தான் இருக்கிறது. "அடிக்கிறார்கள் போல" என்று நான் சொல்லியிருந்தால் கதவு உடைந்திருக்கலாம். "தவறான அழைப்பு" என்றால் அவர் திரும்பிப் போயிருப்பார். பெண் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை, ஆயாவைப் பேசவிடவில்லை என்று மட்டும் சொன்னேன்.

போலீஸ்காரர் சத்தமாகக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பேரனே கதவைத் திறந்தார். ஆயா சோபாவில் இருந்தார். காயம் ஏதும் இல்லை. அவரைத் தனியாகப் பேச வைத்துவிட்டுத்தான் போலீஸ்காரர் கிளம்பினார். என்னிடமும் போனில், "தூக்கத்துல அமுங்கிடுச்சும்மா, இந்தப் பயதான் கத்துறான்" என்றார் ஆயா. உண்மையா, பேரனுக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியாது.

மறுநாள் பேரன் புகார் கொடுத்தார்: சின்னத் தவறுக்குப் போலீஸா? மேலதிகாரி பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டுப் புகாரை மூடிவிட்டார். அப்புறம் அந்த வார்டில் தனியாக பட்டன் வைத்திருக்கும் வயதானவர்களுக்கெல்லாம் அவர்களுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல் ஒன்று கேட்டு வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. பாதிப் பேர் முருகன் பெயரையே சொல்கிறார்கள். வேறு சொல்லுங்கள் என்று மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.