அம்மாவின் 555 புத்தகமும் படத்தின் மேல் ஒட்டிய விலையும்

அம்மா தீபாவளிப் பலகாரம் விற்கத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுக் கணக்கும் 555 புத்தகங்களில் இருக்கிறது. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை விளக்கத் தேவையில்லை. சட்டைப் பையில் அடங்கும், அட்டையில் பெரிதாக 555 என்று இருக்கும், மளிகைக் கடைகளில் பற்று எழுதி எழுதியே பேர் வாங்கிய புத்தகம். அம்மாவிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன.

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் சில படங்களைத் தொட்டால் பொருளின் பெயரும் விலையும் வருமே, அந்த டேக்கை எங்கள் பலகாரத்துக்கும் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு முதலில் ஒரு பொருள் பட்டியல் வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஆட்கள். ‘கிராணி வீட்டு அக்கா, போன வருசம் மாதிரி.’ ‘ஆறாவது லயத்து சித்தி, 3 டப்பா, ஒன்னு சும்மா.’ ‘பள்ளிக்கூட டீச்சர், முறுக்கு, காரம் கம்மி.’ கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்; லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எந்தப் பலகாரம், எத்தனை துண்டு, என்ன விலை என்பதெல்லாம் அம்மாவின் தலைக்குள் இருந்தது.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். அம்மா பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள், நாங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தோம். லயத்தில் கூட இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கிறார்கள். சிலர் சிங்கப்பூரில். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போதுதான் அம்மாவின் முறுக்கை வாங்குவார்கள். ஊருக்கு வருவது குறைந்ததும் விற்பனையும் குறைந்தது. அவர்கள் இருக்கும் இடத்துக்கே டப்பா போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இதற்கு முன் மூன்று ஆண்டுகள் முகநூலில் படம் மட்டும் போட்டுவந்தேன். கீழே எல்லாரும் ‘விலை?’ என்று கேட்பார்கள், நான் ‘பிஎம்’, அதாவது தனிச் செய்தி அனுப்புங்கள், என்று போடுவேன். நம் ஊரில் பாதிச் சிறுவியாபாரிகள் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்காமலே செய்துகொண்டிருந்தேன். விலை கேட்டு ஒருவர் தனியாகச் செய்தி அனுப்புவது பலருக்குக் கூச்சமான காரியம். விலை தெரிந்த பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்வது அதைவிடக் கூச்சம். என் பெரியம்மா மகளே ஒரு தடவை கேட்டுவிட்டு, கட்டுப்படியாகாமல், அப்புறம் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இணையத்தில் விற்பவர் அனுப்பும் செலவு உட்பட முழு விலையையும் காட்ட வேண்டும் என்பது மின்வணிக விதிமுறைகளிலேயே இருக்கிறது. விதி இருக்கட்டும், விலையை மறைத்து வைப்பது வாங்க வருபவருக்கு மரியாதை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கணக்கு திறக்கும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உட்கார்ந்து செய்தால் முடிந்துவிடும். இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்ற வேண்டும், முகநூல் பக்கத்தோடு இணைக்க வேண்டும், மெட்டாவின் கடை நிர்வாகத் தளமான காமர்ஸ் மேனேஜரில் கேட்டலாக் எனும் பொருள் பட்டியல் ஒன்றை உருவாக்க வேண்டும். வாங்குபவரை அழைத்துப்போக நமக்கென ஓர் இணையக் கடையும், அதன் முகவரி நம்முடையதுதான் என்ற உறுதிப்பாடும் வேண்டும். டேக் போடுவதற்குக் கட்டணம் இல்லை. இணையக் கடைக்கு மாதச் சந்தா உண்டு. வியாபாரத்தை நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்தேன். கடைப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), சொந்தப் பெயரிலேயே பதிந்தால் 30 வெள்ளி.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். முகநூல் பக்கத்தில் கடைக்கு ஒரு பெயர், பதிவுச் சான்றிதழில் வேறு பெயர், இணையக் கடையில் மூன்றாவது பெயர். மூன்றையும் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு மனநிலையில் வைத்திருந்தேன். டேக் போட அனுமதி கேட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்றையும் ஒன்றாக்கி, தொலைபேசி எண்ணையும் முகவரியையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதி, மறுபடி அனுப்பினேன். கிடைத்துவிட்டது.

கடை அறிமுகம் எழுதும்போது ஊரைப் பற்றி நீளமாக எழுதிவிட்டேன். முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று எழுதினேன். 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் எழுதினேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “முறுக்கு வாங்க வந்தவங்ககிட்ட இதையாம்மா சொல்லுவ?” என்றார். எடுத்துவிட்டேன். சம்பந்தன் வரி மட்டும் இருக்கிறது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். கேட்டலாக்கை ஒரு விரிதாளில் நிரப்பினேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள எண், பெயர், விவரிப்பு, கையிருப்பு, புதியதா பழையதா, விலை, கடைப் பக்கத்தின் இணைப்பு, பட இணைப்பு, பிராண்ட். ஒன்பது கட்டங்கள். விலைக் கட்டத்தில் ‘ஆர்எம் 18’ என்று நான் எழுதியதால் ஒரு வரிசைகூட ஏறவில்லை. எண்ணை முதலில் எழுதி, பின்னால் எம்ஒய்ஆர் என்ற நாணயக் குறியீட்டைப் போட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு ஆனது. நீங்கள் அந்த இரவைத் தூங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விலைக் கட்டத்தின் பெரிய சிக்கல் அம்மாதான்.

“முறுக்கு டப்பா எவ்வளவும்மா?”

“யாருக்கு?”

“யாருக்காக இருந்தாலும்.”

“அது எப்படி? கிராணி வீட்டு அக்காவுக்குப் பதினெட்டு. ஆறாவது லயத்து சித்திகிட்ட பதினஞ்சுக்கு மேல வாங்க மாட்டேன். நீ பிறந்தப்ப பத்து நாள் எனக்குச் சோறு பொங்கிப் போட்டவ.”

அன்று பேச்சு அதோடு நின்றது. அம்மா கோபப்படவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு வாரம் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. படத்தைத் தொட்டால் வரும் விலை எல்லாருக்கும் ஒரே விலை. அதுதான் எனக்கு அதில் பிடித்தது, அம்மாவுக்கு அதில் பிடிக்காததும் அதுவே. இரண்டு பேரும் நியாயத்தைத்தான் பேசினோம் என்று இப்போது நினைக்கிறேன். முகம் தெரியாத ஒருவர் ஏமாறக் கூடாது என்பது என் நியாயம். சோறு பொங்கிப் போட்டவரிடம் கடைக்காரியாக நிற்கக் கூடாது என்பது அம்மாவின் நியாயம்.

கடைசியில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அரிசி மாவு, உளுந்து, எண்ணெய், கேஸ், டப்பா, ஒட்டும் தாள், அம்மாவின் ஒரு நாள் கூலி. கூலியைச் சேர்க்க அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. “வீட்டு வேலைக்குக் கூலியா?” என்றார். தோட்டத்தில் பால் எடை போட்டுத்தானே சம்பளம் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, எழுது” என்றார். முறுக்கு 18 வெள்ளி, அச்சு முறுக்கு 50 துண்டு 22 வெள்ளி, நெய் உருண்டை 25 துண்டு 25 வெள்ளி, ஓமப்பொடி 15 வெள்ளி. அம்மாவின் பலகாரத்துக்கு 18 ஆண்டில் முதல் தடவையாக ஒரு விலைப் பட்டியல்.

விவரிப்புக் கட்டத்தைப் பலர் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நான் அதில்தான் அதிக நேரம் செலவழித்தேன், அதற்குக் காரணம் புரட்டாசி. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. ஆர்டர் குவியும் வாரங்கள் எல்லாம் புரட்டாசி விரதத்துக்குள் விழுந்தன. அச்சு முறுக்கில் முட்டை இருக்கிறதா என்று முந்தைய ஆண்டுகளில் நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள். இந்த முறை ‘முட்டை, தேங்காய்ப்பால் சேர்ந்தது’ என்று முதல் வரியிலேயே எழுதினேன். நெய் உருண்டைக்கு ‘பாசிப்பயற்று மாவு, சர்க்கரை, பசு நெய், முட்டை இல்லை’. கேள்வி நின்றுவிட்டது. பெயரிலும் கவனம் வேண்டும். மலாய்க்காரர்கள் அச்சு முறுக்கைக் குவே லோயாங் என்றுதான் தேடுவார்கள், அதனால் இரண்டு பெயரையும் போட்டேன். அவர்கள் ஹலாலா என்று கேட்டால் சேர்மானங்களைச் சொல்வேன்; சான்றிதழ் வாங்காமல் அந்த முத்திரையைப் போடக் கூடாது.

படங்களையும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. பழைய படங்களில் குத்துவிளக்கு, கோலம், மேலே பெரிய எழுத்தில் என் தொலைபேசி எண். கேட்டலாக் படத்துக்கு அது சரிப்படாது. குறைந்தது 500க்கு 500 பிக்சல், எழுத்து இல்லாமல், பொருள் மட்டும் தெரிந்தால் நல்லது. காலை ஒன்பது மணி வெயில் எங்கள் வாசலில் சாய்வாக விழும். வெள்ளைத் துணியை விரித்து, சிவப்பு மூடி டப்பாவைத் திறந்து வைத்து எடுத்தேன். அம்மா ஒவ்வொரு முறுக்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுற்று நன்றாக வந்ததை மேலே வைத்தார். “மேல இருக்கிற மாதிரியே கீழேயும் இருக்கணும். இல்லாட்டி படம் எடுக்காத” என்றார்.

ஒரு பொருள் பட்டியலில் ஏறவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அம்மா அரைத்துக் கொடுக்கும் மருந்துப் பொடி. ‘வயிற்றுப் புண் ஆறும், பால் சுரக்கும்’ என்று அம்மா சொன்னபடி எழுதியிருந்தேன். உட்கொள்ளும் மருந்து வகைகளை இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் விற்பனைக்குப் போட முடியாது. அதோடு, பாரம்பரிய மருந்தாக இருந்தாலும் நம் நாட்டில் கடையில் விற்கச் சுகாதார அமைச்சின் பதிவு எண் வேண்டும். இது சரியான விதி என்றுதான் நான் நினைக்கிறேன். பச்சை உடம்புக்காரி சாப்பிடுவது. அம்மாவுக்கு வருத்தம். இப்போதும் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் காசு வாங்காமல் அரைத்துக் கொடுக்கிறார்.

டேக் போடும் வேலை இவ்வளவுக்கும் பிறகு இரண்டு நிமிடம். படத்தைப் பதிவேற்றும்போது பொருளைத் தேடி, முறுக்கின் மேல் விரலை வைத்தால் போதும். ஒரே படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுக்கும் போடலாம். பழைய பதிவுகளுக்கும் திரும்பிப் போய்ப் போடலாம். நான் 40 பதிவுகளுக்குப் போட்டேன். தொடுபவர் பெயரையும் விலையையும் பார்த்துவிட்டு எங்கள் இணையக் கடைக்கு வந்து பணம் கட்டுவார். வயதானவர்கள் யாரும் அப்படி வரவில்லை. அவர்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்புகிறார்கள். அவர்களுக்காகப் புலனத்தின் வணிகக் கணக்கிலும் அதே பட்டியலை, அதே விலையில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் முதல் வாரம் ஒரு ராத்திரி நடந்ததை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. நெய் தீர்ந்துவிட்டது. கையிருப்புக் கட்டத்தை மாற்ற மறந்து தூங்கிப்போனேன். விடியும்போது நெய் உருண்டைக்கு 11 ஆர்டர், பணமும் கட்டியாகிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. நான் வேலை முடிந்து ஈப்போ போய் நெய் வாங்கி வர, அம்மா மாவு வறுத்து வைத்திருந்தார். நெய் உருண்டை சூட்டோடு பிடிக்க வேண்டியது, ஆறினால் உதிரும். இருவரும் உள்ளங்கை சிவக்கச் சிவக்க 275 உருண்டை பிடித்து முடிக்கும்போது மணி இரண்டு. அன்றிலிருந்து படுக்கும் முன் கையிருப்பைத் திருத்திவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.

அந்தத் தீபாவளிக்கு 212 டப்பா போனது. முந்தைய ஆண்டு 90. முகம் தெரியாதவர்கள் பெயர் 555 புத்தகத்தில் முதல் தடவையாக ஏறியது. ஆமாம், புத்தகம் நிற்கவில்லை. கணினியில் வரும் ஒவ்வோர் ஆர்டரையும் அம்மா அதில் எழுதிக்கொள்கிறார்.

சித்தி விவகாரத்துக்கு ஒரு வழி செய்தேன். இணையக் கடையில் தள்ளுபடிக் குறியீடு ஒன்று உருவாக்கினேன்: ‘லயம்’. போட்டால் டப்பாவுக்கு மூன்று வெள்ளி குறையும். அதை யாருக்குச் சொல்வது என்பது அம்மாவின் முடிவு. யாராவது பழைய தோட்டத்து ஆள் என்று அழைத்தால், எந்த லயம், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறார்.

இந்த மாதம் அதிரசத்தைச் சேர்க்க வேண்டும். படம் எடுத்தாகிவிட்டது, விவரிப்பும் தயார். மழை விடாமல் பெய்வதால் மாவு சரியாகக் காயவில்லை, எத்தனை வீணாகும் என்று தெரியவில்லை என்கிறார் அம்மா. விலைக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.