இறங்கும்போது தெரியாத மேடு

தருமபுரியிலிருந்து ஒகேனக்கலுக்கு இண்டூர், பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடலாம். நானும் நண்பனும் தை மாதக் குளிரில் சைக்கிளை எடுத்தோம். அதுவும் நேர்வழியை விட்டுவிட்டு, பாப்பாரப்பட்டியைச் சுற்றிக்கொண்டு.

அந்த வழியைப் பிடித்ததற்குக் காரணம் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. 1925இல் அவர் கண்மூடியது பாப்பாரப்பட்டியில்தான். தொழுநோயைக் காரணம் காட்டி வெள்ளைக்காரர்கள் அவரை ரயிலில் ஏறவிடவில்லை. நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனிதர். விடிந்தும் விடியாத நேரம், நினைவிடத்துக் கதவு பூட்டியிருந்தது. வெளியே நின்று பார்த்துவிட்டு, கியர் வைத்த சைக்கிளில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் ஏறினேன்.

ஊரைத் தாண்டியதும் இருபக்கமும் புளியமரங்கள், காய் முற்றித் தொங்கின. அப்புறம் வந்தது கொள்ளு. அறுத்த செடியைத் தார்ரோட்டிலேயே பரப்பி வைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறி மிதித்தால் மணி உதிர்ந்துவிடும், களம் தேவையில்லை. கார்க்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. எனக்குக் கொடி செயினில் சுற்றி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். முறத்தோடு நின்றிருந்த அம்மா சிரித்தார்: “லாரி போனா எங்களுக்கு வேலை மிச்சம். நீ வந்து எனக்கு என்ன ஆச்சு சாமி?”

பென்னாகரத்தில் இட்லி. அதற்கப்புறம் காடு, வளைவுகள், இறக்கம். யானை கடக்கும் பாதை என்று பலகை இருக்கிறது. அது சும்மா வைத்ததல்ல. விடிவதற்கு முன்னும் இருட்டத் தொடங்கிய பின்னும் அந்த ரோட்டில் சைக்கிளோடு நிற்கக் கூடாது. நாங்கள் நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் இறங்கினோம். பெடலைத் தொடவே வேண்டாம். இலை உதிர்ந்த மரங்கள், சூடேறும் பாறை வாசனை, காதில் காற்று. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்தான் வலித்தது. இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல ரோடு எனக்குத் தெரியாது.

அருவியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு மீன்தான் முக்கியம். வாங்கிக் கொடுத்தால் அங்கேயே மசாலா தடவி வறுத்துத் தரும் அக்காக்கள் இருக்கிறார்கள். இரண்டு தட்டு காலி. அது பிசகு என்று அப்போது தோன்றவில்லை.

திரும்பும்போது தெரிந்தது. காலையில் காற்றாகப் போன அதே ரோடு, மதியம் ஒன்றரை மணிக்குச் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. மூன்றாவது வளைவிலேயே நண்பன் இறங்கித் தள்ள ஆரம்பித்தான். வாழைப்பழம் இருந்த பையை ஒரு குரங்கு உருவிக்கொண்டு போனதைக்கூட அவன் கண்டுகொள்ளவில்லை. “மச்சான், இங்கே வந்தா இனிமே கீழே போறதோட சரி. மேலே வர்றது மினி லாரியிலதான்” என்றான். யாராவது கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன்.

பென்னாகரம் டீக்கடையை எட்டியபோது மணி நாலேகால். பாப்பாரப்பட்டி வழி என்ற பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. நேராக இண்டூர் ரோட்டில் திரும்பினோம்.