கூட்டாக வாங்கிய வீட்டை ஒருவர் மட்டும் விற்கக் கேட்டால்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருவர் சேர்ந்து ஒரு வீடு வாங்கினால், அவர்கள் அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வீடு சட்டப்படி ஒரு டிரஸ்டுக்கு, அதாவது பெயரளவில் உரிமையாளராக இருப்பவர்கள் பயன் பெற வேண்டியவர்களுக்காகச் சொத்தை வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு, உட்பட்டுவிடுகிறது. நிலப் பதிவேட்டில் உரிமையாளர்களாகப் பெயர் உள்ளவர்கள் டிரஸ்டிகள். வீட்டின் மதிப்பு யாருக்கு எவ்வளவு சேரும் என்பது வேறு கணக்கு. உறவு முறிந்து, ஒருவர் விற்றுப் பங்கைக் கேட்கவும் மற்றவர் வெளியேற மறுக்கவும் தொடங்கும்போதுதான் இந்த வேறுபாடு பலருக்கும் தெரியவருகிறது. மறுப்பவரின் சம்மதம் இல்லாமலும் நீதிமன்றம் விற்பனைக்கு ஆணையிடலாம். ஆனால் அதற்கு முன், அந்தச் சொத்து எதற்காக வாங்கப்பட்டது என்ற கேள்வியை அது எழுப்புகிறது. இவ்வழக்குகளின் உயிர்நாடி அந்தக் கேள்விதான் என்பது என் கருத்து.

அக்கேள்வி பழையது. 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் இத்தகைய டிரஸ்டிகளுக்கு விற்கும் கடமையையே விதித்திருந்தது; விற்காமல் வைத்திருக்க எல்லோரும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஆயினும் 1939இல் தீர்ப்பான ஒரு வழக்கில், கடலை நோக்கிய தங்கள் வீடுகளின் காட்சி மறைந்துவிடக் கூடாது என்பதற்காக அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து முன்னாலிருந்த நிலத்தை வாங்கியிருந்தனர். அவர்களில் ஒருவர் பின்னாளில் தம் வீட்டை விற்றுவிட்டு, அந்த நிலத்தையும் விற்றுத் தரும்படி கேட்டபோது நீதிமன்றம் மறுத்தது. நிலம் எந்த நோக்கத்துக்காக வாங்கப்பட்டதோ அந்த நோக்கம் மற்ற மூவருக்கும் இன்னும் உயிரோடிருந்தது.

1996ஆம் ஆண்டின் நில டிரஸ்ட் சட்டம் அந்த விற்பனைக் கடமையை நீக்கியது. அதன் 14ஆம் பிரிவின்படி டிரஸ்டியோ சொத்தில் உரிமையுள்ள வேறு எவருமோ நீதிமன்றத்தை நாடலாம். டிரஸ்டை ஏற்படுத்தியவர்களின் எண்ணம், சொத்தின் நோக்கம், அங்கே வாழும் சிறுவர்களின் நலன், அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவரின் நலன் ஆகியவற்றை நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. பெரும்பாலும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களும், உடன்பிறந்தவர்களும், பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்து உதவிய பெற்றோரும்தான் இந்த வழியில் வருகிறார்கள்; விவாகரத்து செய்பவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

கடன் நுழைந்துவிட்டால் தராசு சாய்கிறது. துணைவரால் கையெழுத்து போலியாக இடப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், புதிய சட்டம் வங்கிக்குத் தானாக முன்னுரிமை தரவில்லை என்று நீதிபதி விளக்கியது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அதே காலத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில், நிலுவை பெருகிக்கொண்டே போக வங்கியைக் காத்திருக்கச் செய்வது நியாயமன்று என்று விற்பனையை ஆதரித்தது. உரிமையாளர்களில் ஒருவர் திவாலானால் நிலைமை இன்னும் கடுமை: திவாலானவரின் சொத்தைக் கடன் கொடுத்தவர்களுக்காக நிர்வகிக்கும் திவால் டிரஸ்டியின் கைக்கு அது வந்து ஓராண்டு கழிந்தபின், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய, கடன் கொடுத்தவர்களின் நலனே மேலோங்கும். பிள்ளைகள் பள்ளி மாற நேர்வதை மட்டும் நீதிமன்றங்கள் விதிவிலக்காகக் கருதுவதில்லை. இதை என்னால் மனமுவந்து ஏற்க முடியவில்லை. கடனில் எந்தப் பங்குமில்லாத குழந்தைக்கு ஓராண்டு மிகக் குறுகிய அவகாசம்.

விற்ற பணத்தைப் பிரிப்பதும் தனி வழக்காகிவிடுகிறது. 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டை விட்டு ஆண் 1993இல் வெளியேறினார். அதன்பின் கடன் தவணைகளையும் குழந்தைகளின் செலவையும் பெரும்பாலும் பெண்ணே சுமந்தார். அவருக்கு 90 சதவீதம் என்று தீர்ப்பானது. ஆனால் வாங்கும்போதே பங்கு விகிதத்தை எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், மோசடி, தவறு போன்ற காரணம் இல்லாதவரை அந்த எழுத்தே நிற்கும். பின்னால் யார் எவ்வளவு கட்டினார் என்ற வாதத்தால் அதைப் பொதுவாக அசைக்க முடியாது. அதற்கான இடம் உரிமை மாற்றப் படிவத்திலேயே உள்ளது. வீட்டுச் சாவிக்காகக் காத்திருக்கும் மகிழ்ச்சியில், வழக்கறிஞர் நீட்டும் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே பலர் கையொப்பமிட்டுவிடுகிறார்கள்.